ஐஸ் அறையில் வைத்த ஹீட்டர்

சாக்கு மூட்டை முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. உள்ளே ஒரு தகரப் பெட்டி. உதை வாங்கி ஒரு பக்கம் உள்ளே மடங்கிப்போன பெட்டி. அந்த மடங்கிய முனை நான் வைக்கிற ஒவ்வோர் அடிக்கும் விலாவில் குத்தியது. இடது தோளுக்கு மாற்றினால் சாக்கு காதில் உரசியது. அந்தக் காதுதான் கிழிந்திருந்தது. வழிந்த இரத்தம் சட்டைக் காலரில் காய்ந்து அட்டைபோல் விறைத்திருந்தது. விலாவா காதா என்று பார்த்ததில் விலாவே பரவாயில்லை என்று தோன்றியது. வலது தோளிலேயே போட்டுக்கொண்டு தங்கச்சிமடத்தை விட்டு நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டுக் கறி வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் பைக்கில் என்னைக் கடந்து போனார்கள். என் காதைப் பார்த்தார்கள், மூட்டையைப் பார்த்தார்கள், வண்டியைக் கொஞ்சம் வேகமாக்கினார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

சாக்குக்குள் இருந்தது ரூம் ஹீட்டர். மார்கழி மாதத்தில்கூட ஃபேன் போட்டுத் தூங்குகிற தீவில், நானும் ஒரு மோட்டார் வைண்டிங் கடைக்காரரும் சேர்ந்து செய்தது.

என் ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் அடித்த அடியில் சுண்டுவிரல் ஒடிந்தது. விரல் கூடியபோது நான் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தேன். அதன்பிறகு கொச்சியில் வலை இழுத்தேன், ஓசூரில் கல் உடைத்தேன், ஊட்டியில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தேன். அந்த லாட்ஜில்தான் ஹீட்டர் எனக்குப் பழக்கமானது. கம்பி செக்கச்செவேல் என்று எரியும் பழைய ஹீட்டர்கள். முன்னால் உட்கார்ந்தால் முகம் வேகும், முதுகு விறைக்கும். அதனால் தங்க வருகிறவர்கள் அதைக் கட்டில் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வார்கள். ஒரு நாள் ஒரு ரூமில் போர்வை பற்றிக்கொண்டது. நான்தான் ஹீட்டரைக் கொண்டுபோய் வைத்தவன் என்று மேனேஜர் பெல்ட்டைக் கழற்றினார். அடி வாங்கும்போது மனம் எங்கெங்கோ போகும். அன்றைக்கு அது ஹீட்டரிடம் போனது. சூடு இருக்கிறது. ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. பின்னாலிருந்து யாராவது தள்ளிவிட வேண்டும். ஒரு ஃபேன் வைத்தால் போதும்.

கம்பெனிக்காரர்கள் ஃபேன் வைத்த ஹீட்டரை எப்போதோ செய்துவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. அதனால் என் யோசனையின் மதிப்பு குறைந்துவிடவில்லை. அடி வாங்கிக்கொண்டே கண்டுபிடித்தது நான்தான்.

தங்கச்சிமடத்தில் நான் போய்ச் சேர்ந்த வைண்டிங் கடைக்காரரை இங்கே இளையவர் என்று சொல்லிக்கொள்கிறேன். கடலுக்குப் போகிற குடும்பம். அவர் மட்டும் வளைகுடா நாட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர். அவருடைய அண்ணன் ஐஸ் பிளான்ட் வைத்திருந்தார். அவர்கள் அய்யா கட்டிய பிளான்ட். விசைப்படகுகள் கடலுக்குப் போகும்போது மீனைப் போட்டுவைக்க ஐஸ் அங்கிருந்துதான் போகும். அண்ணனும் தம்பியும் பேசி இரண்டு வருடமாகியிருந்தது.

காரணம் ஊருக்கே தெரியும். அய்யா இறந்தபோது தம்பி வளைகுடாவில் இருந்தார். லீவு கிடைத்து, டிக்கெட் கிடைத்து வந்து சேருவதற்குள் அண்ணன் அடக்கத்தை முடித்துவிட்டார். தம்பி நேராகக் கல்லறைக்குப் போய், அங்கே நின்றுகொண்டிருந்த அண்ணனின் முன்பல்லை உடைத்தார்.

"ஊரான் பிடிச்ச மீனையெல்லாம் வாரக்கணக்குல ஐஸ்ல வச்சிருக்கியே, அய்யாவை ரெண்டு நாளு வச்சிருக்க ஏலலையா ஒனக்கு?"

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாராம்: "அய்யாவை மீன் மாதிரி ஐஸ்ல போடச் சொல்றியாலே?" சொல்லிவிட்டுத் தம்பியின் கழுத்தைப் பிடித்துக் குழிமேட்டு மணலில் அமுக்கினாராம். நாலு பேர் சேர்ந்து பிரித்திருக்கிறார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் எனக்கு நியாயம் தெரிந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இளையவர் கடை படுத்துவிட்டது. கடையை மூடினால் ஐஸ் பிளான்ட்டைத் தவிர அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது. அண்ணனுக்கும் அது தெரியும். அய்யா ஐஸ் கட்டி இழுத்த கொக்கி, பூவரசங்கட்டையில் பிடி போட்டது, பிளான்ட்டில் ஓர் ஆணியில் தொங்கியது. "அவன் கொக்கி அங்கனதான் தொங்குது. அவனா வந்து எடுப்பான் பாருங்க" என்று அண்ணன் டீக்கடையில் சொல்வார். அது யாராவது ஒருவர் வாய் வழியாக மாலைக்குள் எங்கள் கடைக்கு வந்து சேரும். அன்றைக்கு எதையாவது உடைக்காமல் இளையவர் கடையைச் சாத்த மாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் கொடைக்கானலில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் இளையவருக்குப் பழக்கமானார். நான் அந்த ஆளைப் பார்த்ததில்லை. ரூம் முழுக்கச் சூடு பரவுகிற, தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு ஹீட்டர் செய்துகாட்டினால் எல்லா ரூமுக்கும் எடுத்துக்கொள்வதாகவும், வேலை செய்ய அங்கேயே இடம் தருவதாகவும் சொல்லியிருந்தார். அமாவாசைக்குத் தன் அப்பாவுக்குத் திதி கொடுக்க இராமேசுவரம் வருகிறார். அமாவாசை திங்கட்கிழமை. உச்சிக்குள் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

"அது மட்டும் ஓடிருச்சுன்னா, தம்பி, மலையேறிருவேன். இந்தப் பய முகத்துல முழிக்க வேணாம் எனக்கு, சாவுற வரைக்கும்" என்றார் இளையவர். இந்தப் பயல் என்றால் அண்ணன்.

பெட்டியை ஆறு தடவை செய்தோம். முதல் பெட்டியில் கம்பியை ஃபேனுக்கு மிகவும் நெருக்கி வைத்துவிட்டேன். றெக்கை உருகி வளைந்து, சுற்றிய வேகத்தில் பிய்ந்து என் நெற்றியில் அடித்தது. இரண்டாவதில் கம்பி தள்ளிப்போய், வெறும் காற்றுதான் வந்தது. மூன்றாவதில் தங்கச்சிமடத்துக் கரண்ட் பாடம் சொல்லிக்கொடுத்தது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் ஃபேன் சோர்ந்துவிடும். காற்றுப் போதாமல் கம்பி சிவக்கும். பெட்டியின் மேல்தகடு தோசைக்கல்லாகிவிடும். அதில் கை வைத்துத் தோல் உரிந்தபிறகு, ஃபேன் ஓடாமல் கம்பிக்குக் கரண்ட் போகவே கூடாது என்று ஸ்விட்சை மாற்றினோம். முதல் திருப்பில் ஃபேன், இரண்டாவது திருப்பில் கம்பி. அதற்குமேல் ஒரு தெர்மோஸ்டாட், அதாவது ஒரு சின்ன வில்லை. உள்ளே சூடு எல்லை மீறினால் அதுவே கரண்டைத் துண்டித்துவிடும்.

அந்த வில்லைதான் எங்களைக் கொன்றது. பெட்டியைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் 'டக்' என்று அணைந்துவிடும். ஆறும். மறுபடி 'டக்'. கடைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வெளியே வெயில். ஏற்கெனவே வெந்து கிடக்கிற காற்றைத்தான் ஃபேன் இழுத்து உள்ளே கொடுக்கிறது. வில்லை என்ன செய்யும், பாவம், எல்லை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும்.

இளையவர் ஸ்குரூட்ரைவரைச் சுவரில் எறிந்தார். "ஏலே, இது ஹீட்டரா, பேயா? நெனச்சா வருது, நெனச்சா போகுது. பிடுங்கிப் போடுலே அந்த வில்லையை."

"பிடுங்குனா போர்வை பத்திக்கிரும்ணே. பெல்ட்டடி எனக்குத்தான் விழும்."

"பெறகு எப்படித்தான் பாக்குறது இது நல்லா இருக்கா இல்லையான்னு?"

அவர் மனைவி சோற்றுத் தூக்கோடு கடை வாசலில் நின்றிருந்தார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். "வெளிய மண்ணு கொதிக்குது. உள்ள ரெண்டு ஆம்பளைக கதவைச் சாத்திக்கிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கிட்டு, வேர்த்து வடிஞ்சு உக்காந்திருக்கீக. ஊருல கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"குளிரு வேணும்க்கா. குளிரு இருந்தாத்தான் இதைச் சோதிக்க ஏலும்."

"குளிருக்கு எங்கன போவ? இந்தத் தீவுல குளிரு இருக்குறது ஒரே எடத்துலதான்."

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். இளையவர் சோற்றுத் தூக்கை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, வெகுநேரம் ஐஸ் பிளான்ட் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். திங்கட்கிழமை படகுகளுக்காக ஐஸ் அறை ஞாயிறு காலையில் நிறைந்திருக்கும். அண்ணன், அவர் குடும்பம், கட்டி இழுக்கிற ஆட்கள் எல்லோரும் பூசைக்குப் போயிருப்பார்கள். கம்ப்ரசரை நிறுத்த முடியாது என்பதால் ஆப்பரேட்டர் ஒருவர் மட்டும் இருப்பார். முதல் மணி அடித்ததும் பெட்டியைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனோம். ஆப்பரேட்டர் இளையவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஒரே ஒரு மணி நேரம் என்றார் இளையவர். "எனக்கு என்ன, அய்யா கட்டுன பிளான்ட், நீங்களும் அவுக பிள்ளைதானே. ஆனா மொதலாளி வாரதுக்குள்ள வெளிய வந்துருங்க" என்றார் அவர்.

ஐஸ் அறை வாசலில் செருப்பைக் கழற்றினோம். அது அவர்கள் அய்யா ஏற்படுத்திய பழக்கம். படகுக்காரன் சாப்பிடுகிற மீன், விற்கிற மீன், எல்லாம் அந்த ஐஸில் கிடக்கப்போவது. கோயிலுக்குள் போகிற மாதிரி வெறுங்காலோடுதான் போக வேண்டும். எவ்வளவு குளிர்ந்தாலும் யாரும் மீறமாட்டார்கள்.

உள்ளே இருந்த பலகையில் விளக்குக்கான இரண்டு துளை சாக்கெட்தான் இருந்தது. எங்கள் பிளக்குக்கு மூன்று கால். எர்த் இல்லாமல் தகரப் பெட்டியை ஈரத்தில் போட வேண்டாம் என்றேன். இளையவர் ஏற்கெனவே இரண்டு கால் பிளக்கை மாட்டிக்கொண்டிருந்தார். "பிளாஸ்டிக் மீன்பெட்டி மேல வச்சுட்டு எட்ட நிக்கப்போறோம். யாருலே தொடப்போறா?"

போட்டார். முதல் திருப்பு, ஃபேன். இரண்டாவது திருப்பு, கம்பி. காய்ந்த தூசி எரிகிற வாடை வந்து ஐஸ் பிளான்ட்டுக்கே உரிய அமோனியா வாடையோடு கலந்தது. நாங்கள் சுவரோரம் ஒட்டி நின்று பற்கள் அடித்துக்கொள்ளப் பார்த்துக்கொண்டிருந்தோம். வில்லை அணையவில்லை. காற்று சீராக வந்தது.

அப்போது நான் பார்த்ததை இன்றும் மறக்கவில்லை. எதிர்ச்சுவர் முழுக்க வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. அதில் இடது பக்கம் மட்டும் ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது. சுவரின் ஈரம். வட்டம் பெரிதானது. வலது பக்கம் பனி அப்படியே இருந்தது. ஃபேன் காற்றை முறுக்கி ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. ஆறு பெட்டி செய்தும் எங்களுக்குப் பிடிபடாத விஷயம் சுவரில் எழுதிவைத்த மாதிரி தெரிந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளையர் எடுத்து, முன்பக்கத் தகட்டுப் பட்டைகளை ஒவ்வொன்றாக எதிர்த்திசையில் வளைத்தேன். மறுபடி போட்டேன். இந்தத் தடவை வட்டம் நடுவில் விழுந்து இரண்டு பக்கமும் ஒன்றுபோல் விரிந்தது. மூலைப் பனிகூட வியர்த்தது.

இளையவர் என் பிடரியில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். சந்தோஷத்தில். "மூலை வரைக்கும் போகுதுலே! மூலை வரைக்கும் போகுது! ஏறியாச்சுலே மலை!"

அங்கேயே அணைத்துவிட்டு வெளியே வந்திருக்கலாம். பின்சுவரும் வியர்க்கிறதா பார்த்துவிடலாம் என்றார் அவர். பெட்டியைத் திருப்பி வைத்தோம். சுவரில் உருகியது தரையில் ஓடியது. கூரையில் உருகியது சொட்டியது. பெட்டி இருந்த இடத்தில் முதலில் சொட்டு விழவில்லை. பிறகு விழுந்தது. மேல்தகட்டில் பட்டு 'சுர்' என்றது. நான் ஸ்விட்சுப் பக்கம் நகர்ந்தேன். அதே நேரம் கதவு திறந்தது.

கதவுக்கு அடியில் தண்ணீர் ஓடி வந்ததைப் பார்த்துப் பயந்துபோய் ஆப்பரேட்டர் போன் போட்டிருக்கிறார். அண்ணன் பூசையிலிருந்து பாதியில் எழுந்து வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அந்தக் கோபத்திலும் வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

அவர் தம்பியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "எவன்லே நீ? நாளைக்கு நூறு குடும்பம் கடலுக்குப் போக வேண்டிய ஐஸ்லே இது. இதுல தீயைக் கொண்டாந்து வச்சிருக்கியா?"

"மொதலாளி, தொடாதீங்க" என்றேன்.

தொடவில்லை. உதைத்தார். வெறுங்காலால், ஈரத்தில் நின்றுகொண்டு.

பெட்டி மீன்பெட்டியிலிருந்து சரிந்து அவர் காலோடு விழுந்தது. அவரும் வழுக்கி அதன்மேல் விழுந்தார். ஊன்றிய கை தகரத்தைப் பிடித்துக்கொண்டது. பிடித்த கை விடவில்லை. உடம்பு முழுக்க வலை இழுக்கிற மாதிரி வெட்டி வெட்டி இழுத்தது. வாயிலிருந்து சத்தம் வரவில்லை, பல் நெரிகிற ஓசை மட்டும் வந்தது. இளையவர் அண்ணனைத் தூக்கப் பாய்ந்தார். நான் அவர் இடுப்பில் உதைத்துத் தள்ளிவிட்டேன். தொட்டிருந்தால் இரண்டு பேரும் போயிருப்பார்கள். வயரைப் பிடித்து இழுத்தேன். பிளக் வரவில்லை, பலகையே சுவரிலிருந்து பிய்ந்து வந்தது. பலகைக்குள் பளிச் என்று ஒரு வெடி. விளக்கு போனது. வெளியே ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசர் முக்கி முனகி நின்றது. என் காதுக்குள் மட்டும் ஏதோ ஓடுகிற மாதிரி இருந்தது.

கதவு வழியாக வந்த வெளிச்சத்தில் அண்ணன் தண்ணீரில் கிடந்தார். நாக்கைக் கடித்துவிட்டதால் வெள்ளைச் சட்டையில் இரத்தம். கண் திறந்திருந்தது. பிறகு அவர் உடம்பு நடுங்க ஆரம்பித்தது.

"குளுருதுலே" என்றார். தம்பியைப் பார்த்து.

இரண்டு வருடத்தில் அவர் தம்பியிடம் சொன்ன முதல் வார்த்தை அது. இளையவர் தன் சட்டையைக் கழற்றி அவர்மேல் போட்டார். போதவில்லை. அண்ணனைத் தன் மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். "எண்ணே, எண்ணே" என்று அழுதார். பூசையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அண்ணனைத் தூக்கி வெயிலில் உட்காரவைத்து, கால் தேய்த்துவிட்டு, சீனித் தண்ணீர் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். உள்ளங்காலில் ஒரு கறுப்புப் பொட்டு, உள்ளங்கையில் ஒன்று.

நிதானம் வந்ததும் அவர் எழுந்து நடந்துபோய்த் தம்பியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். இளையவர் வாங்கிக்கொண்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இளையவருக்கு அப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை என்று நினைக்கிறேன். அண்ணனைத் திருப்பி அடிக்க முடியாது. சும்மா நிற்கவும் முடியாது. சுற்றிலும் பார்த்தார். ஆணியில் தொங்கிய அய்யாவின் கொக்கியை எடுத்தார். இரும்பு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டைப் பிடியை என் பக்கம் வீசினார்.

முதல் அடி காதில். இரண்டாவது தோளில். "என் அண்ணனைக் கொல்லப் பாத்தியேலே! என் அண்ணனைக் கொல்லப் பாத்தியேலே!" ஒவ்வோர் அடிக்கும் அதையே சொன்னார். இரும்பைப் பிடித்திருந்த அவர் கையிலிருந்தே இரத்தம் ஒழுகியது. நான் தலையை முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டேன். அடி வாங்குவதில் எனக்கு அனுபவம் உண்டு. எலும்பைக் காட்டாமல் சதையைக் காட்ட வேண்டும்.

"போதும் விடுலே" என்றார் அண்ணன். "செத்துக்கித்துப் போயிரப் போறான். கையைக் கழுவிட்டு வா. அந்தக் கம்ப்ரசரைப் பாரு. ஐஸ் இல்லாம நாளைக்குப் போட்டுக எப்படிக் கடலுக்குப் போகும்?"

இளையவர் உடனே நிறுத்திவிட்டார். கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அண்ணன் பின்னால் கம்ப்ரசர் அறைக்குள் போனார். அண்ணன் நொண்டினார். தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தரையிலிருந்து அதைப் பார்த்தேன். அந்த இருவரையும் சேர்த்துவைக்க ஊரே இரண்டு வருடம் முயன்றது.

என் பையைக் கொண்டுவந்து கொடுத்தது அக்காதான். கூடவே சாக்கையும் கொண்டுவந்தார்.

"இதையும் கொண்டுக்கிட்டுப் போயிருய்யா. இங்கன கெடந்தா அவுக ரெண்டு பேரும் நாளைக்கு இதை வச்சு என்னையும் கொல்லுவாக."

"அக்கா, நாளைக்கு அந்தக் கொடைக்கானல் ஆளு..."

"மலையாவது மண்ணாவது. நீ மொதல்ல பாலத்தைத் தாண்டு. பிளான்ட்டுப் பயலுக இன்னும் கோவமாத்தான் நிக்கிறாக." தன் கைக்குட்டையை என் காதில் வைத்து அழுத்தினார். அந்த அழுத்தல் அடியைவிட வலித்தது.

பாம்பன் பாலத்தில் காற்று ஆளைத் தள்ளியது. பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். கீழே கடல் தூண்களை அறைந்துகொண்டிருந்தது. ஒரு லாரி கடந்தபோது சாக்கு காற்றில் படகுப் பாய் மாதிரி இழுத்து, என்னைக் கைப்பிடிச் சுவரில் மோதியது. பெட்டியைக் கடலில் போட்டுவிடலாம் என்று தோன்றியது. கைப்பிடிச் சுவர் மேல் தூக்கி வைக்கவும் செய்தேன். மூலைப் பனி வியர்த்தது ஞாபகம் வந்தது. திரும்பத் தூக்கிக்கொண்டேன்.

மண்டபத்தில் ஒரு டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்தபோது கடைக்காரர் என் காதைப் பார்த்தார். "யாரு கடிச்சா?"

"மரத்துல இடிச்சுக்கிட்டேன்."

"எந்த மரம்?"

"பூவரசு."

சிரித்துவிட்டு ஒரு பன்னை வைத்தார். வேலை கிடைக்குமா என்று கேட்டேன். "ஐஸ் கம்பெனில ஒருத்தன் கால்ல ஐஸ் கட்டி விழுந்து படுத்துட்டான். காலைல போய் நில்லு. ஒன் காதைப் பாத்தா எடுத்துக்கிருவாக, அங்கன இருக்குறவனெல்லாம் இப்படித்தான் இருக்கான்."

எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை நான் செருப்பில்லாமல் நிற்பதைப் பார்த்து அங்கிருந்த மேஸ்திரி, "எதுக்குலே வெறுங்கால்ல நிக்கிற? பூட்ஸை மாட்டு" என்று இரண்டு ரப்பர் பூட்ஸைத் தூக்கி எறிந்தார். வேலை சுலபம்தான். சறுக்குப் பலகையில் வருகிற ஐஸ் கட்டியைக் கொக்கியால் இழுத்து, முழுசாக ஏற்ற வேண்டியதென்றால் வண்டிக்கும், உடைக்க வேண்டியதென்றால் உடைக்கிற மிஷின் வாய்க்கும் தள்ள வேண்டும். மிஷின் கட்டியை எலும்பு நொறுங்குகிற சத்தத்தோடு தின்னும். விரலை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும். சாக்கை நான் மிஷினுக்குப் பக்கத்துச் சுவரோரம் வைத்திருந்தேன்.

வெயில் ஏறுவதற்குள் ஒரு மினி லாரி பின்பக்கமாக வந்து நின்றது. தங்கச்சிமடத்து ஐஸ் பிளான்ட் வண்டி. கம்ப்ரசர் எழுந்திருக்கவில்லை போலிருக்கிறது. படகுகளுக்குக் குறைகிற ஐஸை மண்டபத்தில் எடுக்க வந்திருந்தார்கள். கட்டியை வாங்கி அடுக்குவதற்குப் பின்னால் ஏறி நின்றவர் இளையவர். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. இடது கையில் அய்யாவின் கொக்கி.

என்னைப் பார்த்தார். நான் கட்டியைத் தள்ளினேன். கொக்கியால் வாங்கி உள்ளே இழுத்தார். பழகாத கை, கட்டி அவர் முழங்காலில் இடித்தது. நாலைந்து கட்டி இப்படியே போயிற்று.

"காது எப்படி இருக்கு?" என்றார்.

"இருக்கு."

"அண்ணன் நடக்குது. காலு கொஞ்சம் வீங்கியிருக்கு."

அடுத்த கட்டி வந்தது. அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், காதில் வைக்கவில்லை. யாரென்று நான் கேட்கவில்லை. கொடைக்கானல்காரர் திதி கொடுத்து முடித்திருப்பார்.

"பெட்டி எங்கனலே?"

கொக்கி முனையால் சுவரோரத்தைக் காட்டினேன். "ஒரு பக்கம் மடங்கியிருக்கு. கம்பி நல்லாத்தான் இருக்கு. தட்டி நிமித்திரலாம். எர்த் பின்னு போட்டா உச்சிக்குள்ள இராமேஸ்வரம் போயிரலாம்ணே."

அவர் சாக்கைப் பார்த்தார். போன் நின்றது, மறுபடி அடித்தது. வண்டி ஓட்டுகிறவர் முன்னாலிருந்து தலையை நீட்டி, "ஏலே, அண்ணன் கூப்பிட்டாரு, சீக்கிரம் ஏத்துங்க, போட்டுக்காரங்க கத்துறாக" என்றார். இளையவர் போனை எடுத்து, அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்விட்சை அழுத்தி அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். சுற்றியிருந்த துணியைப் பல்லால் இறுக்கிக் கட்டினார்.

"தள்ளு" என்றார்.

தள்ளினேன்.